நடுவில் விட்ட மூன்றடி

ஜூன் 4

பிரின்சிபால் அம்மா அவர்களுக்கு,

அக்கா என்று ஆரம்பித்தால் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய்; அதனால்தான் இந்த மரியாதை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை, மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம், இனி எதுவானாலும் எழுது என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன்.

உன் பள்ளியின் விழாப் புத்தகம் வந்தது. ‘பெருமை தொடரட்டும்’, இருபத்துநான்கு பக்கம். இவ்வளவு தடித்த தாளில் எங்கள் அலுவலகத்தில் பாலத்தின் வரைபடத்தைக்கூட அச்சடிப்பதில்லை. பாரம்பரியம் என்ற சொல் முப்பத்தோரு இடத்தில் வருகிறது. எண்ணினேன். கழிப்பறை என்ற சொல் எங்கேயும் இல்லை. நான் படித்தபோது எட்டுக் கழிப்பறைகளில் மூன்றுக்குக் கதவு கிடையாது. அதுவும் பாரம்பரியத்தில் சேர்ந்துவிட்டதோ என்னவோ.

உன் திட்டங்களையும் படித்தேன். வாசலில் ஒரு வளைவு. நிறுவனருக்கு வெண்கலத் தலை. பழைய மாணவர்கள் வந்தால் இளைப்பாற ஓர் அறை. இந்தப் பள்ளியில் படித்தோம் என்று சொல்லிக்கொள்வதைத் தவிர நாற்பது வருடமாக வேறு எதையும் செய்யாதவர்கள் எதில் களைத்துப்போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் ஒன்பதாம் பக்கம். உத்தரத் திட்டம். இந்தக் கூத்தை வெளியாள் யாருக்காவது விளக்கிப் பார்த்திருக்கிறாயா? நான் நேற்று பக்கத்து மேஜைக்காரரிடம் விளக்கினேன். எங்கள் பள்ளியில் ஒரு பெரிய கூடம் இருக்கிறது, அதன் கூரையை ஒரே ஒரு மர உத்தரம் தாங்குகிறது, படிப்பை முடித்துப் போகிற ஒவ்வொரு பேட்சும் தன் வருடம் பொறித்த பித்தளைத் தகட்டை அந்த உத்தரத்தின் அடிப்பக்கத்தில் முடுக்கிவிட்டுத்தான் போகும், மாணவர் தலைவன் தன் கையாலேயே துளை போடவேண்டும் என்று சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“கூரையைத் தாங்குற உத்தரத்துலயா?”

“அதுலதான்.”

“வேற மரமே கிடைக்கலையா உங்களுக்கு?”

நூற்று இருபது வருடமாக உங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஒரு ஆள் இதைக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்காததோடு நிற்காமல், நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கு வரும் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு தனித் தகடு பதிக்கலாம் என்று அச்சடித்து அழைக்கிறாய்.

அந்தப் பக்கத்துப் படத்தின்மேல் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். உத்தரத்தின் நடு, கோலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. படத்திலேயே தெரிகிற தொய்வு நேரில் சின்னதாக இருக்காது. பழைய கட்டடங்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு என்பது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். கூடத்தைப் பூட்டு.

விழாவுக்கு வரமாட்டேன். பதின்மூன்று வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. மிதிக்காமலேயே நன்றாகத்தான் இருக்கிறேன்.

தம்பி

&nbsp;

ஜூன் 11

அன்புள்ள ஸ்பேனர்,

முப்பது வயதுப் பொறியாளரை இப்படிக் கூப்பிடாதே என்கிறார் உன் அத்தான். வீட்டு ரேடியோவைக் கழற்றி மாட்டி, மூன்று ஸ்குரூவை மிச்சம் வைத்து, “இதெல்லாம் தேவையே இல்லாத ஸ்குரூ” என்று சொன்னவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

எப்படி இருக்கிறாய் அக்கா என்று ஒரு வார்த்தை எழுதினால் உன் பேனா தேய்ந்துவிடாது. நான் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். நீ சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாற்றிய செய்தியும் அத்தான் வழியாகத்தான் தெரிந்தது. போகட்டும்.

கழிப்பறை விஷயம். நான் சேர்ந்த முதல் மாதமே பன்னிரண்டு கட்டி முடித்தாயிற்று. எல்லாவற்றுக்கும் கதவு, தாழ்ப்பாள், ஒழுகாத குழாய். புத்தகத்தில் ஏன் இல்லை என்றால், கழிப்பறைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள சங்கத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.

அவர்களோடு நடந்த முதல் கூட்டத்தைச் சொல்கிறேன். சங்கத் தலைவரை உனக்கு நினைவிருக்கும், எழுபது வயதிலும் பள்ளி டை கட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். நான் எழுந்து பேச ஆரம்பித்ததும், “அம்மா எந்த பேட்ச்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் காலத்தில் இங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? “நான் கேட் பேட்ச் சார்” என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். அம்மா வேலையிலிருந்து வர ஆறு மணியாகும் என்று, என் கல்லூரி விட்டதும் ஓடிவந்து நாலு மணிக்கு உனக்காக வாசலில் நின்றேனே, நாலு வருடம். காவலாளி உள்ளே விடமாட்டார். பிறகு ஒருநாள் நீயே, “பசங்க சிரிக்கிறாங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு” என்றாய். அந்தப் பக்கமும் நின்றேன்.

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் பழைய மாணவர்கள். அவர்கள் மனது வைத்தால்தான் ஆய்வகம் வரும், நூலகம் வரும். தகடு கேட்டார்கள், கொடுத்தேன். வந்த முதல் வருடமே கூடத்தைப் பூட்டினால் என்ன பேசுவார்கள் தெரியுமா? “இங்க படிக்காத பொம்பளை வந்தா, வந்ததும் பூட்டைப் போட்டா.”

அதற்காக உன் பேச்சை நான் ஒதுக்கவில்லை. அளவெடுக்காமல் அபிப்பிராயம் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நீ. வா. சனிக்கிழமை தச்சரை ஏணியோடு கூடத்தில் நிற்கச் சொல்கிறேன். அடிக்கோல் வேண்டாம், நிஜ நாடா கொண்டுவா.

வீட்டுக்கும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா

&nbsp;

ஜூன் 22

அக்காவுக்கு,

நேற்று வந்தேன், அளவெடுத்தேன். நீ குழுக் கூட்டத்தில் இருந்தாய். காத்திருக்க எனக்கு நேரமில்லை.

சுருக்கமாகச் சொல்கிறேன். உத்தரத்தின் நீளம் முப்பத்தாறு அடி, அகலம் ஓரடி. நடுவில் மூன்று விரற்கடை இறங்கியிருக்கிறது. உத்தரம் வளையும்போது அதன் அடிப்பக்க நார்கள்தான் இழுபடும். முழு பாரமும் அந்த நார்களில். உங்கள் ஆட்கள் நூற்று இருபது வருடமாகத் தேடித் தேடித் துளை போட்டிருப்பது அந்த அடிப்பக்கத்தில்தான், ஏனென்றால் கீழே நிற்கிறவன் அண்ணாந்தால் அவன் பெருமை தெரியவேண்டும். நடுப்பகுதியில் பக்கவாட்டில் ஒரு விரிசல். என் விசிட்டிங் கார்டை நுழைத்தேன், பாதி உள்ளே போனது.

அந்த இடத்தில் உள்ள தகடுகளைக் கழற்றிப் பார்க்கலாம் என்று தச்சர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அப்போதுதான் உன் தலைவர் உள்ளே வந்தார். டையோடு. சனிக்கிழமையும்.

“யாரைக் கேட்டு தகட்டுல கை வைக்கிறீங்க?”

“விரிசல் சார். அடியில எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கணும்.”

“தம்பி, இந்த உத்தரம் நூத்தம்பது வருஷமா நிக்குது.”

“விழுற வரைக்கும் எல்லாமே நிக்கத்தான் சார் செய்யும்.”

“நீயும் இங்க படிச்ச பையன்தானே? உனக்கு இதுல உணர்ச்சியே இல்லையா?”

“இருக்கு சார். பயம்.”

அவர் என் முதுகில் தட்டினார். தட்டிவிட்டு, விழாவில் எங்கள் பேட்ச் எங்கே உட்காரும் என்று காட்டினார். விரிசலுக்கு நேர் கீழே. நான் ஏணியை விட்டு இறங்கிவிட்டேன்.

இப்போது உனக்கு. உன் காலை வணக்கக் கூட்டத்தில் தினமும் அறுநூறு பிள்ளைகள் அதற்கடியில் நிற்கிறார்கள். மேடையில் நீ நிற்கிறாய். அந்தக் கிழவர்களுக்கு நல்லபிள்ளையாக இருக்கவேண்டும் என்பதற்காக நீ இன்னும் நூறு துளைக்கு அனுமதி தருகிறாய். நீ அங்கே படிக்கவில்லை. படித்தவர்களுக்குப் பின்னால் ஓடி ஓடி உள்ளே ஓர் இடம் பிடிக்கப் பார்க்கிறாய், அதுதான் உன் புத்தகம் முழுக்கத் தெரிகிறது.

ஒரு வாரம் தருகிறேன். கூடத்தைப் பூட்டி முட்டுக் கொடுக்காவிட்டால் என் அறிக்கை நகரக் கட்டட அலுவலகத்துக்குப் போகும். அறிக்கையும் வரைபடமும் உனக்கு ஒரு பிரதி இதோடு இருக்கின்றன.

சாப்பிட வர நேரமில்லை.

தம்பி

&nbsp;

ஜூலை 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே கூடத்தைப் பூட்டிவிட்டேன். நீ அளவெடுத்துவிட்டுப் போன அன்று மாலையே தச்சர் என் அறைக்கு வந்தார். “தம்பி முகம் சரியில்லைங்கம்மா. பூட்டிடலாம்” என்றார். உன் கணக்கு எனக்குப் புரியாது. முகம் என்றதும் புரிந்தது. அன்றைக்கே சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஆறு இரும்பு முட்டுகள் வந்துவிட்டன. பிள்ளைகள் இப்போது மைதானத்தில் நிற்கிறார்கள். வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் வணக்கத்தை ஏழு நிமிடமாகக் குறைத்துவிட்டேன். அவர்களுக்குப் பரம சந்தோஷம்.

ஒரு வாரம் தருகிறேன் என்று எழுதினாய். அறிக்கையை அந்தத் திங்கட்கிழமையே அனுப்பியிருக்கிறாய். உனக்கு எதற்குத்தான் பொறுமை இருந்தது? புதன்கிழமை அதிகாரி வந்தார், பூட்டையும் முட்டுகளையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் நீ மேலே பெரிய எழுத்தில் ‘நிர்வாகத்தின் அலட்சியம்’ என்று தலைப்பு வைத்திருந்தாயே, அதைக் குழு படித்தது. அவர்கள் அகராதியில் நிர்வாகம் என்றால் நான். பதினெட்டாம் தேதி சங்கமும் குழுவும் சேர்ந்து உட்கார்கின்றன. நான் விளக்கம் சொல்லவேண்டும்.

இனி எழுதப்போவதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

முட்டுக் கொடுக்க நடுவில் இருந்த தகடுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. எல்லாம் சின்னத் தகடுகள், இரண்டிரண்டு ஸ்குரூ, விரல் கணு நீளம். சுலபமாக வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. உத்தரத்தின் முழு அகலத்துக்கு இருந்தது. தச்சர் மேலே ஏறிப் பார்த்தார். மறுபக்கத்தில் நட்டு போட்டு இறுக்கியிருந்தது. கட்டைவிரல் பருமனில் நான்கு போல்ட், உத்தரத்தை மேலும் கீழுமாகத் துளைத்துக்கொண்டு, ஒரே வரிசையில். தகட்டை எடுத்ததும் விரிசல் தெரிந்தது. கோடு போட்ட மாதிரி ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகிறது.

தச்சர் சொன்னார்: “நடுவுல மூணடி யாரும் தொடமாட்டாங்கம்மா. எங்கப்பா காலத்துலயும் அப்படித்தான். ஏன்னு யாருக்கும் தெரியாது, தொடக்கூடாதுன்னு மட்டும் தெரியும். ஒரு வருஷம் ஒரு பேட்ச் தொட்டுச்சு. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் அங்கேயே இடம் பிடிச்சுட்டாங்க.”

வருடத்தைப் படிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அந்தத் தகடு ஏறிய அன்று மாலை நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து அல்ல, அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது. மாணவர் தலைவனாக உன் கடைசி நாள் என்று விடுப்பு எடுத்து வந்திருந்தேன். சட்டையெல்லாம் மரத்தூளோடு ஓடிவந்தாய். “மத்தவன் எல்லாம் ஒட்டிட்டுப் போயிருக்கான்க்கா. நான் கட்டியிருக்கேன். நடுவுல. எவனும் கழட்ட முடியாது” என்றாய். நான் உன் தலையில் இருந்த தூளைத் தட்டிவிட்டேன்.

உன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தகடுகளுக்கு எண் போட்டிருக்கிறாய். கடைசி எண் நூற்று இருபது. எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பத்தொன்பதுதான் இருக்கின்றன. அறுபதுக்கு அடுத்தது அறுபத்திரண்டு.

பதினெட்டாம் தேதி அவர்கள் எந்த பேட்ச் என்று கேட்பார்கள். தகடு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நான் எடுத்துக் காட்டமாட்டேன். உன்னையும் எதுவும் கேட்கமாட்டேன்.

நீ அங்கே படிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். அதனால்தான் அந்த உத்தரத்தில் என் பெயரில் ஒரு துளைகூட இல்லை.

அக்கா

&nbsp;

ஜூலை 7

அக்கா,

அறுபத்தொன்று.

மறந்துபோய் விடவில்லை. வரையும்போது அந்த இடத்தில் பேனாவைத் தூக்கினேன், அடுத்த தகட்டில் வைத்தேன். அறிக்கையின் மற்ற எல்லா வரியும் சரி.

நடு மூன்றடியைத் தொடக்கூடாது என்று அப்போதும் தச்சர் சொன்னார். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். காரணம் தெரியாத விதியை முட்டாள்கள்தான் மதிப்பார்கள் என்று அவருடைய நீளத் துரப்பணத்தையே இரவல் வாங்கித் துளை போட்டேன். அந்த மூன்றடியில்தான் பாரம் உச்சம். உத்தரத்தை வைத்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது. ஓரடி அகலத்தில் நான்கு அங்குலத்தைத் தின்றிருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு. மற்ற நூற்றுப் பத்தொன்பது பேரும் சேர்ந்து உத்தரத்துக்குச் செய்த கெடுதல் நான் ஒருவன் அரை மணி நேரத்தில் செய்ததில் பாதி இராது. உங்கள் சங்கத்து முட்டாள்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, அவர்களில் முதல் இடம் எனக்கு.

எப்போது தெரியும் என்று நீ கேட்கவில்லை. பொறியியல் இரண்டாம் வருடம். விரிவுரையாளர் கரும்பலகையில் ஓர் உத்தரம் வரைந்து நடுவில் அம்புக்குறி போட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் உத்தரத்தைப் போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பதினோரு வருடம் ஆகிறது. எங்கேயோ ஒரு பள்ளியில் கூரை விழுந்தது என்று செய்தி வந்தால் ஊர்ப் பெயரைப் படிக்கும்வரை மூச்சு விடமாட்டேன். எங்கள் பள்ளி இல்லை என்று தெரிந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். விழுந்த இடத்திலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

சங்கத்திலிருந்து வரும் அழைப்பெல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிற்று. எனக்கு அவர்கள்மேல் வெறுப்பு என்று எல்லோரும் நினைத்தீர்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். திட்டிக்கொண்டிருக்கும்வரை யோசிக்க வேண்டியதில்லை. நீ அங்கே பொறுப்பேற்றதும், தினமும் காலையில் அதற்கடியில் நிற்பது என் அக்கா என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அடிக்கோலை எடுத்தேன். முன்பு நின்ற பிள்ளைகளுக்காக எடுக்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

திருத்திய அறிக்கை இதோடு இருக்கிறது. எண் அறுபத்தொன்று, வருடம், போல்ட் அளவு, துளை போட்டவன் யார், தெரிந்தும் எத்தனை வருடம் சொல்லவில்லை, எல்லாம் இருக்கிறது. ‘நிர்வாகத்தின் அலட்சியம்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். ஒரு பிரதி நகர அலுவலகத்துக்கு, ஒன்று என் மேலதிகாரிக்கு. கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல். ஒரு வரியும் வெட்டாதே.

தம்பி

&nbsp;

ஜூலை 20

தம்பிக்கு,

படித்தேன். நானே படித்தேன், ஒரு வரியும் வெட்டவில்லை.

மூன்று பக்கமும் முடித்தேன். பிறகு தலைவர் எழுந்தார். டையைச் சரிசெய்துகொண்டார். “நம்ம பையன். பதினேழு வயசு. பள்ளி மேல இருந்த ஆசையில கொஞ்சம் பெரிய போல்ட்டாப் போட்டுட்டான். ஆனா ஒளிக்காம ஒத்துக்கிட்டான் பாருங்க. இந்தப் பள்ளி சொல்லிக் கொடுத்தது அதுதான்” என்றார். கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன்னை மன்னிக்க அவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம், இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தேன் என்று சொல்லி நான் மேஜையில் வைத்த தகட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஏன்மா அந்தத் தகட்டை இவ்வளவு நாள் இழுப்பறையில மறைச்சு வச்சீங்க?”

“அது என் தம்பி சார்” என்றேன்.

“இருக்கலாம். ஆனா அது பள்ளியோட தகடு.”

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வேலை நிரந்தரமாவது இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. உத்தரத்துக்கு இரும்பு போடுகிறார்கள். அதில் யாரும் துளை போடக்கூடாது என்று நான் எழுதிய விதியை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். தகடுகள் எல்லாம் சுவருக்குப் போகின்றன. உன்னுடையது நடுவில், நான்கு போல்ட்டோடு, கண்ணாடிப் பெட்டிக்குள், ‘நேர்மை’ என்று அடியில் எழுதி. செப்டம்பர் விழாவில் நீ சிறப்பு விருந்தினர். முதல் வரிசை நாற்காலி. உனக்குத் தெரிவிக்கும்படி எனக்கு உத்தரவு. தெரிவித்துவிட்டேன்.

வெளியே வந்து தச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.

உத்தரத்துக்காக மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஓடி ஓடி உள்ளே இடம் பிடிக்கப் பார்க்கிறேன் என்று என்னைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு வரி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடு என்று நான் கேட்கமாட்டேன்.

அக்கா

&nbsp;

ஜூலை 24

அக்கா,

உன் தலைவருக்கு எழுதிவிட்டேன். அந்தத் தகட்டைச் சுவரில் மாட்டினால் நானே வந்து கழற்றுவேன், கழற்றும்போது சுவர் நிற்கும் என்று உத்தரவாதம் கிடையாது என்று. நாற்காலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருடம் வாயைத் திறக்காதவனுக்குக் கைதட்டல், ஒரே மாலையில் பூட்டியவளுக்கு எச்சரிக்கை. இவர்களைப் பற்றி நான் எழுதியது எதையும் திரும்பப் பெறுவதாக இல்லை.

என் அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்.

உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது? முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன். உள்ளே வரமாட்டேன். வாசலில் நிற்பேன், ரோட்டுக்கு இந்தப் பக்கம், கேட்டுக்கு நேராக. பசங்க சிரிக்கட்டும். உனக்குக் கூட்டம் இருந்தால் முடித்துவிட்டு மெதுவாக வா. அன்றைக்கு எனக்கு வேறு வேலை இல்லை.

ஸ்பேனர்